சமர்வில்: ஒரு குடும்பப் பெயர் கல்லூரியின் பெயரான வரலாறு

பழைய மாணவிகள் சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தை நிரப்பிய எவருக்கும் அதிலுள்ள ஒரு கேள்வி பழக்கமானது: திருமணத்துக்கு முன்னர் வழங்கிய பெயர் என்ன? வரவுப் பதிவேட்டிலே தந்தையின் பெயரோடு இருந்தவர், கடித உறையிலே கணவரின் பெயரோடு இருப்பார். பெண்ணின் பெயர் அவள் வாழ்க்கைப் பாதையில் இவ்வாறு மாறுவது எம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இரு முறை பெயர் மாறிய ஸ்கொட்லாந்துப் பெண்மணி ஒருவர், மூன்றாவதாக வந்த பெயரை உலகின் பெண்கல்வி வரலாற்றிலே நிலைநிறுத்தினார். அவரே மேரி சமர்வில் அம்மையார். அவரது வாழ்வையும் அப்பெயர் வந்த வழியையும் இந்நூற்றாண்டு மலரிலே நினைவுகூர்வது பொருத்தமானதே.

பெயரின் வழி

சமர்வில் என்பது இன்று ஸ்கொட்லாந்துக் குடும்பப் பெயராக அறியப்பட்டாலும் அதன் வேர் பிரான்சின் வடகரையிலுள்ள நோர்மண்டியில் இருக்கிறது. ஈற்றிலுள்ள 'வில்' ஊரைக் குறிக்கும் சொல். 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அவர்களோடு வந்த குடும்பங்கள் தம் ஊர்ப்பெயரையும் கொண்டுவந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தை ஆண்ட முதலாம் டேவிட் மன்னன் அத்தகைய குடும்பங்கள் பலவற்றுக்கு நிலம் வழங்கிக் குடியமர்த்தினான். சமர்வில் குடும்பத்தார் லனார்க் பகுதியிலுள்ள கார்ன்வத் என்னும் இடத்தைப் பெற்றனர். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்கள் பிரபுக்களாயினர். பதினேழாம் நூற்றாண்டில் அக்குடும்பத்தவர் ஒருவர் எழுதிவைத்த குல வரலாற்றை, புகழ்பெற்ற எழுத்தாளர் சேர் வோல்டர் ஸ்கொட் 1815 இல் பதிப்பித்தார்.

இப்பெயரைத் தாங்கியோர் பலர். வேட்டையைப் பற்றி நெடும்பாட்டு இயற்றி 1735 இல் வெளியிட்ட வில்லியம் சமர்வில் ஒருவர். மெரீனோ செம்மறியாட்டை இங்கிலாந்தில் பரப்புவதற்கு உழைத்த ஜோன் சமர்வில் பிரபு இன்னொருவர். அயர்லாந்திலே தம் உறவினளோடு சேர்ந்து நாவல்கள் எழுதிய ஈடித் சமர்வில் மற்றொருவர். எம் நாட்டின் முதியோருக்கு இப்பெயர் வேறொரு வகையிலே தெரிந்திருக்கும். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அப்போது இந்து சமுத்திரத்திலே பிரித்தானியக் கீழைக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் சேர் ஜேம்ஸ் சமர்வில் இப்பெயரினரே.

போர்த்தளபதிகளும் பிரபுக்களும் இருந்த இப்பெயர் வரிசையில், அதை என்றும் வாழும் பெயராக்கியவர் பிறப்பால் சமர்வில் அல்லாத ஒரு பெண்மணி என்பதுதான் வியப்பு.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

மேரி பிறந்தது 1780 டிசம்பர் 26 ஆம் திகதி. தந்தை வில்லியம் ஃபெயர்பக்ஸ் கடற்படை அதிகாரி. கணவரைக் கடற்பயணத்துக்கு வழியனுப்பிவிட்டு லண்டனிலிருந்து ஊர் திரும்பிய தாயார், வழியிலே ஜெட்பரோ என்னும் ஊரில் தம் சகோதரி மார்த்தாவின் வீட்டில் தங்கியிருந்தபோதே குழந்தை பிறந்தது. மார்த்தாவின் கணவர் தோமஸ் சமர்வில் அவ்வூர்த் திருச்சபையின் குரு, வரலாற்றாசிரியர். தாயார் கடும் நோயுற்றிருந்தமையால், அப்போது தாமே கைக்குழந்தையோடு இருந்த மார்த்தா இக்குழந்தைக்கும் பாலூட்டினார். அந்த மார்த்தாவே பிற்காலத்தில் மேரிக்கு மாமியாரானார். எம்மவர் முறையிலே பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் உடன்பிறப்புகள். அவர்களிடையே திருமணப் பேச்சுக்கே இடமில்லை. ஸ்கொட்லாந்து வழக்கில் அந்தத் தடை இல்லை. புகுந்த வீட்டிலேயே பிறந்து, மாமியாரின் பாலையே உண்டு வளர்ந்த மருமகள் என்று அவரைச் சொல்லலாம்.

வளர்ந்தது ஃபைஃப் பகுதியிலுள்ள பேர்ன்டைலண்ட் என்னும் கடற்கரைச் சிற்றூரில். சிப்பி பொறுக்குவதும் பறவைகளைப் பார்ப்பதுமாகக் குழந்தைப் பருவம் கழிந்தது. தாயார் வேதாகமம் வாசிக்கப் பழக்கினார். எழுதக் கற்பிப்பது பெண்பிள்ளைக்கு அவசியம் என அக்காலத்தில் எவரும் கருதவில்லை. நீண்ட பயணத்தின் பின் வீடு திரும்பிய தந்தை, மகள் தட்டுத்தடுமாறி வாசிப்பதைக் கண்டு திகைத்தார். பத்து வயதளவில் மசல்பரோவிலுள்ள பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு அவளை அனுப்பினார்.

அங்கே நடந்தது கல்வி என்று சொல்லத்தக்கதன்று. உடல் நிமிர்ந்து நிற்பதற்காக இறுகிய கச்சையும், முன்புறத்தில் உருக்குச் சட்டமும், நாடியைத் தாங்கும் வளையமும் பிள்ளைகளுக்குப் பூட்டப்பட்டன. அந்தக் கோலத்தோடு அகராதியின் ஒரு பக்கத்தை மனனஞ் செய்து ஒப்புவிக்க வேண்டும். ஓராண்டோடு அது முடிந்தது. மேரி வாழ்நாளிலே முழுநேர மாணவியாகப் பாடசாலை சென்றது அந்த ஓராண்டு மட்டுமே. வீடு திரும்பியதும் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள் என்று உறவினர் குறைகூற, தையல் பழகுவதற்காக ஊர்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள்.

படிக்கும் ஆசைக்கு முதன்முதலில் ஆதரவு கிடைத்தது பிறந்த அந்த ஜெட்பரோ வீட்டிலேதான். தன்முயற்சியால் இலத்தீன் கற்கத் தொடங்கியிருந்ததை மேரி தயங்கித் தயங்கி தோமஸ் சமர்விலிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. பண்டைக்காலத்துக் கற்றறிந்த பெண்களைப் பற்றி எடுத்துச் சொல்லி, காலையுணவுக்கு முன் ஒவ்வொரு நாளும் தம் வாசிப்பறையில் அவளை அமர்த்தி வேர்ஜிலின் காவியத்தை வாசிக்கச் செய்தார். பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அக்காலை நேரங்கள் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

பறிக்கப்பட்ட மெழுகுவர்த்தி

கணிதம் வந்த வழி விசித்திரமானது. தேநீர் விருந்தொன்றிலே பெண்களுக்கான உடை நாகரிகச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டிய மேரி, அதன் புதிர்ப்பகுதியிலே எண்களோடு எழுத்துகளும் கலந்த கணக்கொன்றைக் கண்டார். அது அட்சரகணிதம் என்று தோழி சொன்னார். அதற்கு மேல் எதுவும் அவருக்கும் தெரியாது. சித்திரம் கற்பித்த அலெக்சாண்டர் நஸ்மித் என்னும் ஓவியர், ஓவியத்தில் தூரமும் ஆழமும் காட்டுவதற்கு யூக்கிளிட்டின் கேத்திரகணிதமே அடிப்படை என்று வேறொரு மாணவிக்குச் சொன்னது மேரியின் காதில் விழுந்தது. ஆனால் இளம்பெண் ஒருத்தி புத்தகக் கடைக்குப் போய் யூக்கிளிட் தாருங்கள் என்று கேட்பது அக்காலத்தில் நடக்கக்கூடியதன்று. தம்பிக்குப் பாடஞ் சொல்ல வீட்டுக்கு வந்த ஆசிரியரைக் கொண்டே யூக்கிளிட்டையும் அட்சரகணித நூலையும் வாங்குவித்தார்.

பகலிலே பியானோ, தையல், வீட்டு வேலை, இரவிலே யூக்கிளிட். மெழுகுவர்த்திகள் விரைவாகத் தீர்ந்துபோவதை வேலைக்காரர் முறையிட்டபோது விடயம் வெளிப்பட்டது. மேரி படுத்தவுடன் மெழுகுவர்த்தியை எடுத்துச் செல்லும்படி தாயார் கட்டளையிட்டார். கடுமையான சிந்தனை பெண்ணின் மூளையைக் குழப்பிவிடும் என்று தந்தை உண்மையாகவே அஞ்சினார். அதற்குள் முதல் ஆறு புத்தகங்களையும் மேரி கற்று முடித்திருந்தார். இருட்டிலே படுத்தபடி, மனத்திலே உருவங்களை வரைந்து, தேற்றங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நிறுவிப் பார்ப்பது அவரது இரவுப் பாடமாயிற்று.

கல்வியில் மட்டுமன்றி நீதியிலும் அவருக்குத் தாமாகவே எழுந்த கொள்கைகள் இருந்தன. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பதற்காக, இளமையிலேயே தேநீருக்குச் சீனி சேர்க்க மறுத்தார்.

இரு திருமணங்கள்

1804 இல் தூரத்து உறவினரான சாமுவேல் கிறேக்கை மணந்து லண்டன் சென்றார். கிறேக் என்பதும் ஸ்கொட்லாந்துப் பெயரே. கிரெகரி என்பதன் குறுக்கம். அவரின் தந்தை ரஷ்யக் கடற்படையில் அட்மிரலாகப் புகழ்பெற்றவர். மகன் லண்டனிலே ரஷ்யாவின் பிரதிநிதி. மனைவி படிப்பதை அவர் தடுக்கவில்லை. ஆனால் பெண்களின் அறிவாற்றலில் அவருக்கு மதிப்பும் இல்லை. மூன்றாண்டிலே, 1807 இல் அவர் இறந்தார். இரு ஆண் குழந்தைகளோடு மேரி பேர்ன்டைலண்ட் திரும்பினார்.

அந்தக் கைம்மை துயரத்தோடு ஒரு சுதந்திரத்தையும் கொண்டுவந்தது. கையிலே சொந்தப் பணம் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுற்றத்தார் பைத்தியக்காரத்தனம் என்றனர். அவரோ நியூற்றனை வாசித்தார். எடின்பரோவின் கணித அறிஞர் வில்லியம் வலஸ் காட்டிய வழியிலே உயர்கணித நூல்களை வாங்கினார். அந்தச் சிறிய நூலகம் தமக்கே சொந்தம் என்றபோது, முப்பது வயதைக் கடந்திருந்த அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. கணிதச் சஞ்சிகையொன்று விடுத்த வினாவுக்கு விடை கண்டு 1811 இல் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

அடுத்த ஆண்டு, 1812 இல், ஜெட்பரோ வீட்டு மகனான வைத்தியர் வில்லியம் சமர்விலை மணந்தார். தமக்கு இலத்தீன் கற்பித்தவரே மாமனாரானார். அவருக்கு அதில் அளவிலா மகிழ்ச்சி. கணவரின் சகோதரி ஒருத்தி மட்டும், இனியாவது படிப்பு மயக்கத்தை விட்டு நல்ல மனைவியாக நடக்கும்படி கடிதம் எழுதினாள். வில்லியம் சமர்வில் அதற்கு மனைவிக்காகச் சினந்தார். நூலகங்களிலே மனைவிக்கு வேண்டியவற்றைத் தேடிக் கொடுத்தார், கையெழுத்துப் படிகளைப் பிரதி செய்தார், அச்சுப்படிகளைத் திருத்தினார். மனைவியின் புகழ் தம் புகழை மறைக்கிறதே என்று அவர் ஒருபோதும் முகஞ் சுளித்ததில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் மட்டுமல்ல, இன்றும் அது எளிதான குணமன்று.

வானத்தைத் தமதாக்கிய நூல்

1816 இல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. ஹேர்ஷல், பபேஜ் முதலிய அறிஞர்கள் நண்பராயினர். சூரிய ஒளியின் ஊதா நிறக் கதிருக்குக் காந்தத் தன்மை உண்டா என ஆராய்ந்து மேரி எழுதிய கட்டுரை 1826 இல் றோயல் சங்கத்திலே வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கணவர், பெண்கள் அங்கே அமர்வதற்கும் உரிமை இல்லை. அம்முடிவு பின்னர் நிலைக்காதுபோயினும், அவர் பெயர் அறிஞர் உலகில் பதிந்தது.

அக்காலத்துப் பெரும் வானியல் நூல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் எழுதிய பல தொகுதிகளைக் கொண்ட நூல். அதை விளங்கிக்கொண்ட பெண்கள் மூவர் என்றும், ஒருவர் கரோலின் ஹேர்ஷல், மற்றவர் சமர்வில், இன்னொருவர் தாம் அறியாத கிறேக் என்ற பெண் என்றும் லாப்லாஸ் விருந்தொன்றில் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. சமர்விலும் கிறேக்கும் ஒருவரே என்பது அவருக்குத் தெரியவில்லை! பெயர் மாறியதால் ஒரு பெண் இருவரானார்.

1827 இல் ப்ரூம் பிரபு, அந்நூலை ஆங்கில வாசகருக்கு எழுதித் தரும்படி கேட்டு வில்லியம் சமர்விலுக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழக வாசலை மிதியாத தம்மால் முடியுமா என மேரி அஞ்சினார். இரகசியமாக எழுதுவது, தகுதியில்லையெனில் நெருப்பிலிடுவது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். மூன்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது. காலையிலே மகள்மாருக்குப் பாடஞ் சொல்வார். வீட்டுக் கருமங்களைப் பார்ப்பார். விருந்தினர் அறையின் மூலையிலிருந்து எழுதுவார். வாசல் மணி அடித்தால் தாள்கள் மறையும். ஆண் ஒருவர் வேலையிருக்கிறது என்று கதவைச் சாத்தலாம். பெண்ணுக்கு அந்தச் சாட்டு இல்லை. ஆகவே எந்த இடையூறுக்குப் பின்னும், விட்ட இடத்திலேயே சிந்தனையைத் தொடரும் வல்லமையைப் பழகிக்கொண்டார். அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் இடையிலே வாழும் எம்மிற் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1831 இல் 'வானங்களின் இயக்கவியல்' வெளிவந்தது. அது வெறும் மொழிபெயர்ப்பன்று. லாப்லாஸ் தாவிச் சென்ற படிகளை நிரப்பி, படங்கள் சேர்த்து, பிரெஞ்சுக் கணிதம் அறியாத பிரித்தானியருக்கு ஆக்கித் தந்த நூல். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே உயர்கணித மாணவர் அதைப் பாடநூலாகக் கற்றனர். அங்கே அனுமதி பெற முடியாத ஒரு பெண்ணின் நூலைக் கொண்டே அங்குள்ள ஆண்கள் பரீட்சைக்கு ஆயத்தமாயினர். றோயல் சங்கத்தார் பணம் திரட்டி அவரது மார்பளவுச் சிலையைச் செய்வித்துத் தம் மண்டபத்திலே வைக்க ஏற்பாடு செய்தனர். சிலைக்கு இடம் உண்டு. அவருக்கு இருக்கை இல்லை. அச்சங்கம் பெண்களை அங்கத்தவராக்கியது 1945 இல்தான்.

1834 இல் வெளிவந்த 'பௌதிக விஞ்ஞானங்களின் தொடர்பு' வானியல், ஒளி, ஒலி, வெப்பம், மின், காந்தம் ஆகியவை தனித்தனி அறைகள் அல்ல, ஒரே வீட்டின் பகுதிகள் என்று காட்டியது. அதற்கு மதிப்புரை எழுதிய கேம்பிறிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவல், விஞ்ஞானி என்பதற்கு இன்று வழங்கும் ஆங்கிலச் சொல்லை அச்சிலே முதன்முதல் வழங்கியது அம்மதிப்புரையிலேதான். யுறேனஸ் கோளின் தடுமாற்றம் அதற்கப்பாலுள்ள வேறொரு கோளைக் காட்டித்தரக் கூடும் என்று அந்நூலின் 1842 ஆம் ஆண்டுப் பதிப்பு கூறியது. அந்த வரியே நெப்டியூனின் பாதையைக் கணிக்கும் எண்ணத்தைத் தமக்குத் தந்தது என்று ஜோன் கவுச் அடம்ஸ் பின்னர் தெரிவித்ததாக மேரியின் நினைவுக்குறிப்பு சொல்கிறது.

1835 இல் அவரும் கரோலின் ஹேர்ஷலும் றோயல் வானியற் சங்கத்தின் முதற் பெண் கௌரவ அங்கத்தவராயினர். அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுண் உதவித்தொகை வழங்கியது. பின்னர் அது 300 ஆக உயர்ந்தது. குடும்பத்தின் செல்வம் கரைந்துபோன அக்காலத்திலே அது பேருதவி. பைரன் கவிஞரின் மகளான இளம் ஏடாவுக்குக் கணிதத்திலே துணைநின்று, கணிக்கும் பொறியை வகுத்த பபேஜின் நட்புக்கு வழிகாட்டியவரும் அவரே. ஏடா லவ்லேஸ் என்று இன்று கணினி மாணவர் அறியும் அப்பெண், தமக்கு முன்னே நடந்த ஒரு பெண்ணின் கைபற்றியே நடந்தார்.

இத்தாலியில் இறுதிக்காலம்

துயரங்களும் குறைவில்லை. முதற் திருமணத்து மகன் ஒருவனும், பத்து வயது மகள் மார்கரட்டும் இளமையிலேயே இறந்தனர். கணவரின் உடல்நலங் கருதி 1838 முதல் குடும்பம் இத்தாலியில் வாழ்ந்தது. 1843 இல் பெரிய வால்வெள்ளி தோன்றியபோது, உரோமாபுரியின் துறவியர் கல்லூரியிலிருந்த தொலைநோக்கியால் அதைப் பார்க்க விரும்பினார். பெண்களுக்கு அனுமதியில்லை என்று மறுக்கப்பட்டது. வானியல் நூல் எழுதியவருக்கு வானத்தைக் காட்ட மறுத்தனர்.

1848 இல், 67 வயதில், 'பௌதிகப் புவியியல்' வெளிவந்தது. ஹம்போல்ட்டின் பெருநூல் முந்திக்கொண்டதைக் கண்டு தம் படியை எரித்துவிட எண்ணியவரைக் கணவரே தடுத்தார். 1860 இல் கணவரையும் 1865 இல் மூத்த மகனையும் இழந்தார். துயரத்தை வெல்ல வேறொரு நூலில் இறங்கினார். நுணுக்குக்காட்டி காட்டும் சிற்றுயிர் உலகத்தைப் பற்றிய அந்நூல் 1869 இல் வந்தபோது அவருக்கு வயது 88. அவ்வாண்டே றோயல் புவியியற் சங்கம் தங்கப் பதக்கம் வழங்கியது. பெண்களுக்கு வாக்குரிமை கோரி ஜோன் ஸ்டுவர்ட் மில் பாராளுமன்றத்தில் 1868 இல் சமர்ப்பித்த மனுவிலே முதற் கையெழுத்து இம்முதியவருடையது. காது மந்தமாயிற்று, பெயர்கள் மறந்தன, கணிதம் மறக்கவில்லை. 1872 நவம்பரில் நேப்பிள்ஸ் நகரில், 91 வயதில் காலமானார்.

பெயர் நிலைத்த இடம்

சமர்வில் பிரபுக்களின் பட்டம் 1870 இல் வாரிசின்றி வழக்கொழிந்தது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1879 இல், ஒக்ஸ்போர்டிலே பெண்களுக்கான இல்லமொன்று திறக்கப்பட்டது. எச்சமயத்தவரையும் சேர்த்துக்கொள்வது அதன் கொள்கை. அதற்குப் பெயர் தேடியவர்கள் பிரபுவையோ அரசியையோ நாடவில்லை. மேரி சமர்விலின் பெயரைச் சூட்டினர். அவரின் கணித நூல்களை மகள்மார் கேம்பிறிட்ஜின் பெண்கள் கல்லூரியான கேர்ட்டனுக்கு வழங்கினர். 1889 இல் இந்தியாவிலிருந்து வந்து ஒக்ஸ்போர்டிலே சட்டம் பயின்ற முதற் பெண்ணான கொர்னேலியா சொராப்ஜி சமர்வில் மாணவி. இந்திரா காந்தியும் அங்கு பயின்றவர். இரசாயனவியலில் 1964 இல் நொபெல் பரிசு பெற்ற டொரதி ஹொட்ஜ்கின் அங்கே கற்றவர், கற்பித்தவர். 2017 முதல் றோயல் ஸ்கொட்லாந்து வங்கியின் பத்துப் பவுண் தாளிலே மேரியின் முகம் இருக்கிறது.

ஃபெயர்பக்ஸ், கிறேக், சமர்வில் என மூன்று பெயர்கள் அவருக்கு வந்தன. மூன்றில் எது நிலைத்தது என்பது தற்செயலாயினும் அதிலே ஒரு நியாயம் தெரிகிறது. முதற் பெயருக்குரிய வீடு அன்போடுதான் மெழுகுவர்த்தியை எடுத்துச் சென்றது. இரண்டாவது வீடு கண்டும் காணாதிருந்தது. மூன்றாவது வீட்டிலே ஒரு முதியவர் காலைவேளையில் அருகில் அமர்த்திப் பாடஞ் சொன்னார். அவர் மகன் பிரதி எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டின் பெயரே கல்லூரி வாசலில் இருக்கிறது.

இப்பாடசாலையிலே கற்று இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளே, மேரிக்குக் கிடைத்தது ஓராண்டுப் பள்ளியே. எமக்கோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கிடைத்தன. எம் பெயர்கள் எவ்வாறு மாறினும், எம் வீட்டிலே இரவு வெகுநேரம் விளக்கெரிய இருந்து படிக்கும் ஒரு பெண்பிள்ளை இருப்பாளாயின், அந்த விளக்கை அணைக்காதிருப்போம்.